ஏரிக்கு ஒரே வாசல்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)



சென்ற ஆண்டு நம் பள்ளி நூலகத்தில் ஆங்கில இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கட்டுரை. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே இருக்கும் ஒன்டாரியோ ஏரியில், கோடைகாலத்தில் சால்மன், டிரவுட், பெர்ச் ஆகிய மீன்களை எங்கே தேடவேண்டும், எந்த நேரத்தில் தூண்டில் போடவேண்டும் என்று அதில் விளக்கியிருந்தார்கள். மீன் என்ற சொல்லைக் கண்டால் என் கண் அங்கேயே நின்றுவிடும். காரணம், நான் மீனவர் வீட்டுப் பெண். என் அப்பா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். என் அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறார்.

கோடை விடுமுறைக்குப் பழவேற்காடு போனபோது, அந்தக் கட்டுரையில் படித்ததைத் தாத்தாவிடம் தமிழில் சொன்னேன். பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஏரி எவ்ளோ ஆழம் கண்ணு?"

"மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர் தாத்தா."

தாத்தா சிரித்துவிட்டார். "நம்ம ஏரியில கழி ஊன்றித் தள்ளினா தரை முட்டாத இடமே அபூர்வம். அங்க மீனு கீழ போவுது. இங்க கீழ எங்க போவும்? வெளியதான் போவணும்."

தாத்தா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆனால் அவர் சொன்ன இந்த ஒரு வாக்கியத்துக்குள் கோடைகால மீன்பிடிப்பின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை உங்களுக்கு விளக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆழமான ஏரியில் கோடை

முதலில் ஒன்டாரியோ ஏரியைப் பார்ப்போம். கோடை வந்தால் வெயில் ஏரியின் மேல் நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் இலேசானது. அது மேலேயே மிதக்கும். குளிர்ந்த நீர் கனமானது; அது கீழே தங்கும். நீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில் என்பதை நாம் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? ஆகவே ஆழமான ஏரி கோடையில் அடுக்குப் பாத்திரம்போல் ஆகிவிடுகிறது. மேலடுக்கு சூடு, கீழடுக்கு குளிர், நடுவே சட்டென்று குளிர்ச்சி மாறும் மெல்லிய அடுக்கு ஒன்று.

சால்மனும் டிரவுட்டும் குளிர்ந்த நீரில் வாழும் மீன்கள். ஏறக்குறைய 20 டிகிரிக்கு மேல் போனால் அவற்றுக்குத் துன்பம். எனவே வெயில் ஏற ஏற அவை கீழே இறங்கிவிடுகின்றன. அங்குள்ளவர்கள் நீரின் வெப்பத்தை அளந்து பார்த்து, தூண்டில் கயிற்றில் கனமான எடையைக் கட்டி, அந்தக் குளிர்ந்த அடுக்கு வரை இறக்குகிறார்கள். பெர்ச் மீன் அவ்வளவு வெப்பத்துக்கு அஞ்சாது. ஆகையால் கரையோரத்திலும் அகப்படும்.

ஞாயிறு வாசகங்களில் கேட்கிறோமே, கலிலேயக் கடல், அதுவும் உண்மையில் ஒரு நன்னீர் ஏரிதான். அதற்கும் சுமார் 43 மீட்டர் ஆழம் உண்டு. அங்கும் வலையை ஆழத்தில் போட இடம் இருந்தது.

நம் நாட்டிலும் டிரவுட் உண்டு. ஆனால் வெயில் குறைந்த மலைகளில் மட்டுமே. ஆங்கிலேயர்கள் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்தார்கள். அந்த மீனை இராயபுரத்துத் தண்ணீரில் விட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது.

ஆழமில்லாத ஏரியில் கோடை

இப்போது நம் ஏரிக்கு வருவோம். பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முதலாவது ஒடிசாவில் உள்ள சிலிகா. பழவேற்காடு ஏரியின் நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்குப் பகுதி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு மதில்போல் நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி ஆறும் அதில் வந்து விழுகின்றன.

இத்தனை பெரிய ஏரியின் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? சுமார் 1 மீட்டர்! நம் வகுப்பில் உயரமான மாணவி நின்றால் இடுப்புக்குச் சற்று மேலே வரும். 244 மீட்டர் எங்கே, 1 மீட்டர் எங்கே! இதில் அடுக்குப் பாத்திரம் அமைய வழியே இல்லை. காலையில் காய ஆரம்பிக்கும் வெயில் மாலைக்குள் தரை வரைக்கும் சூட்டை ஏற்றிவிடும். மீனுக்கு ஒளிந்துகொள்ளக் குளிர்ந்த அறை எதுவும் இல்லை.

கோடையில் இந்த ஏரிக்கு மூன்று துன்பங்கள் சேர்ந்து வருகின்றன.

முதலாவது, பிராணவாயு குறைதல். நீருக்குள் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் மீன் செவுள்களால் சுவாசிக்கிறது. 20 டிகிரி நன்னீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரி கடல்நீரிலோ சுமார் 6 மில்லிகிராம்தான். அதாவது நீர் சூடாகச் சூடாக, உப்பு கூடக் கூட, மீனுக்குக் கிடைக்கும் மூச்சு குறைகிறது. அதே சமயம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு மூச்சு அதிகமாகத் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தைப்போல!

இரண்டாவது, இரவு நேரம். பகலில் நீரில் உள்ள பாசியும் செடிகளும் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவில் வெளிச்சம் இல்லாததால் அவையும் சுவாசிக்க மட்டுமே செய்கின்றன. எனவே விடியற்காலையில்தான் நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும்.

மூன்றாவது, உப்பு. இதை நான் வீட்டில் சோதித்துப் பார்த்தேன்.

ஒரு பேசினும் கொஞ்சம் உப்பும்

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நான் ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, அகன்ற பேசினில் ஊற்றி, மொட்டை மாடியில் வைத்தேன். இரண்டாம் நாள் மாலை நீரை அளவுக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் உப்பு எங்கும் போகவில்லை. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே மூன்றில் இரண்டு லிட்டர் நீருக்குள் அதே 35 கிராம் உப்பு. கணக்குப் போட்டால் ஒரு லிட்டருக்கு 52 கிராமுக்கும் மேல்!

இதே கணக்கை ஏரிக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 நாளில் 36 சென்டிமீட்டர். 1 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கோடையில் ஆரணியாறு வறண்டு கிடக்கும், மழையும் இல்லை. எனவே கடல்நீரைவிட ஏரி நீர் அதிகமாக உப்புக் கரிக்கும். பழவேற்காடு ஏரியில் கோடையில் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் உப்பு இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். அதே ஏரி ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளத்தில் பல இடங்களில் நன்னீரைப்போல் ஆகிவிடும். ஓர் ஆண்டுக்குள் இவ்வளவு மாற்றத்தைத் தாங்குகிற மீன்கள்தாம் அங்கே வாழ முடியும்.

ஆனால் தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதிக உப்புள்ள நீர் மீனின் உடலிலிருந்து நீரை உறிஞ்சிவிடுகிறது. நாம் ஊறுகாய் போடும்போது எலுமிச்சைத் துண்டிலிருந்து நீர் வெளியே வருவதைப்போலத்தான் இதுவும்.

வாசல் எங்கே?

சூடும் உப்பும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வரும்போது மீன் என்ன செய்யும்? தாத்தா சொன்னதுபோல, கீழே போக முடியாது; வெளியேதான் போகவேண்டும். வெளியே என்றால் கடல். கடலுக்குப் போகும் வாசலே முகத்துவாரம். ஏரிக்கு வடக்கே ஆந்திரப் பக்கத்திலும் முகத்துவாரங்கள் உண்டு. ஆனால் நம் பக்கத்து மீனுக்கும் மீனவருக்கும் பழவேற்காட்டு முகத்துவாரம் ஒன்றுதான் வாசல்.

அந்த வாசல் திறந்திருந்தால் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை கடல் ஏரிக்குள் வருகிறது, இரண்டு முறை திரும்பிப் போகிறது. ஏற்றத்தில் புதிய கடல்நீர் உள்ளே வருகிறது. அதில் உப்பு 35 கிராம்தான், சூடும் குறைவு, பிராணவாயுவும் அதிகம். வற்றத்தில் ஏரியின் பழைய நீர் வெளியேறுகிறது. ஏரி மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே வரிசையில் நின்று இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அதனால்தான் மீனவர் வீட்டில் நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன் நிலவைப் பார்ப்பார்கள்.

ஆனால் கோடையில்தான் இந்த வாசலுக்கு ஆபத்தும் வருகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். இந்த மணலின் பயணத்தை நாம் வீட்டு வாசலிலேயே கண்டிருக்கிறோம். சென்னைத் துறைமுகச் சுவர் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வந்த மணல் அந்தச் சுவரில் தடைபட்டு மெரினாக் கடற்கரை அகலமானது. வடக்கே மணல் வந்து சேராததால் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் கரையை அரித்தது. இன்று கடற்கரைச் சாலையோரம் குவிந்திருக்கும் கருங்கற்கள் அதற்குச் சாட்சி.

அதே மணல்தான் முகத்துவாரத்தின் குறுக்கே வந்து விழுகிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அதை ஒரே தள்ளாகக் கடலுக்குள் தள்ளிவிடும். கோடையில் ஆற்றில் நீர் இல்லை. ஏற்ற வற்றத்தின் வேகம் மட்டும் போதாது. மணல் திட்டு உயர்ந்து, வாசல் குறுகி, சில ஆண்டுகளில் முழுவதும் மூடிவிடும். எந்த மாதத்தில் மீனுக்கு வாசல் அதிகமாகத் தேவையோ, அந்த மாதத்தில்தான் வாசல் சாத்தப்படுகிறது!

கோடையில் எந்த மீன் எங்கே?

வாசல் திறந்திருக்கும் கோடையில் மீன்களை எங்கே தேடவேண்டும்? தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டதைச் சொல்கிறேன்.

காலா: ஆங்கிலத்தில் இதை 'இந்தியன் சால்மன்' என்று அழைக்கிறார்கள். ஆனால் இது சால்மன் குடும்பம் அன்று. இதன் மார்பருகே நூல்போன்ற இழைகள் தொங்கும். கலங்கிய நீரில் அவற்றால் தடவி இரை தேடும். கோடையில் ஏரிக்குள் இதைத் தேடிப் பயன் இல்லை. முகத்துவாரத்துக்கு வெளியே, கடலோரத்து ஆழமற்ற கலங்கல் நீரில் திரியும்.

கொடுவா: இதற்கு ஆங்கிலத்தில் 'ஜயண்ட் பெர்ச்' என்றும் ஒரு பெயர் உண்டு. கொடுவா சோம்பேறிபோல் தோன்றும் புத்திசாலி. ஏற்ற வற்றத்தில் சிறு மீன்களும் இறாலும் அடித்துக்கொண்டு வரும் வாய்க்காலின் ஓரத்தில், கட்டைகளுக்கும் பாறைகளுக்கும் அருகே காத்திருக்கும். நீர் திரும்பும் நேரமே அதற்கு உணவு நேரம். இந்த மீனைப்பற்றி ஒரு வியப்பான செய்தி: பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பின் பெண்ணாக மாறுகின்றன. முட்டையிட முகத்துவாரத்தின் உப்பு நீருக்கு வரவேண்டும். குஞ்சுகள் ஏரிக்குள் நுழைந்து வளரவேண்டும். வாசல் மூடினால் இரண்டும் நடக்காது.

மடவை: ஏரியின் உண்மையான குடிமகன். சேற்றில் உள்ள பாசியையும் மக்கிய பொருள்களையும் தின்னும். நன்னீரும் தாங்கும், உப்பும் தாங்கும். கோடையிலும் ஏரிக்குள் கூட்டமாகத் திரிந்து, வலையைக் கண்டால் எகிறிக் குதிக்கும். ஆனால் முட்டையிட அதுவும் கடலுக்குப் போகவேண்டும்.

கிழங்கான்: முகத்துவாரத்தை ஒட்டிய மணல் தரையில் கிடைக்கும். முள் குறைவு, காய்ச்சல் வந்தவர்களுக்கு எங்கள் ஆயா இதைத்தான் குழம்பு வைத்துக் கொடுப்பார்.

இறால்: இது கடலில் பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக ஏற்றத்தோடு ஏரிக்குள் வருகிறது. சில மாதங்கள் தின்று வளர்ந்து, அமாவாசை பௌர்ணமி இரவுகளில் வற்றத்தோடு கடலுக்குத் திரும்புகிறது. அந்த இரவுகளில்தான் ஏரியில் கழிகளை ஊன்றிச் சுத்துவலை கட்டுவார்கள். நல்ல இடங்கள் எல்லாம் முகத்துவாரத்துக்கு அருகே இருப்பதால், வலிமையுள்ளவர்களே எப்போதும் அவற்றைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பெரியவர்கள் 'பாடு' என்ற முறையை ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள். பாட்டில் உரிமையுள்ள குடும்பங்கள் முறை வைத்து அந்த இடங்களில் வலை கட்டும். இன்று உனக்கு, நாளை எனக்கு. நம் வகுப்பில் முன் வரிசைப் பெஞ்சுக்கு முறை வைப்பதைப்போல!

வலையோ படகோ இல்லாதவர்களும் ஏரியில் பிழைக்கிறார்கள். இருளர் குலப் பெண்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பற்களால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். பத்து விரல்களே அவர்களுக்கு வலை.

நேரத்தைப் பொறுத்தவரை, கோடையில் நண்பகலில் வலை போடுவது வீண். விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான் மீன் நடமாடும். காற்றையும் பார்க்கவேண்டும். காலையில் மேற்கிலிருந்து அனல் காற்று வீசும். தாத்தா அதைக் கச்சான் என்பார். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று எழுந்து ஏரியைச் சிலுசிலுக்க வைத்தால் நீரில் காற்றுக் கலக்கும். மீனுக்குத் தெம்பு வரும். கச்சான் வலுத்துக் கடல்காற்றைத் தடுத்து நிறுத்திவிட்டால் ஏரி கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும். அன்று மீனும் இல்லை, மனிதருக்கு உறக்கமும் இல்லை.

வாசல் மூடிய கோடை

எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் வாசல் மூடிக்கொண்டது.

அதைச் சொல்லுமுன் தடைக்காலத்தைப்பற்றிச் சொல்லவேண்டும். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக, 2001ஆம் ஆண்டு முதல் நம் கடலில் கோடையில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. முதலில் 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த நாட்களில் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அப்பா வலை பின்னுவார், படகுக்குச் சாயம் பூசுவார். அரசாங்கம் நிவாரணத் தொகை கொடுக்கிறது; ஆயினும் இரண்டு மாதச் செலவுக்கு அது போதாது. தடை நல்லது என்பதை அப்பாவே ஒப்புக்கொள்வார். "குஞ்சைப் பிடிச்சா அடுத்த வருஷம் கடல்ல என்ன இருக்கும்?" என்பார். நாட்டுப் படகுகளுக்கும் ஏரிக்கும் அந்தத் தடை இல்லை. எனவே ஒவ்வொரு கோடையிலும் எங்கள் குடும்பத்தைத் தாங்குவது தாத்தாவின் ஏரிதான்.

அந்த ஆண்டு வைகாசி பிறப்பதற்குள் மணல் திட்டு முழுவதும் அடைத்துவிட்டது. முகத்துவாரம் இருந்த இடத்தில் பையன்கள் பந்து விளையாடினார்கள். தாத்தா இரவெல்லாம் ஏரியில் இருந்துவிட்டு, கையளவு மடவையுடன் திரும்புவார். ஒரு நாள் விடியற்காலையில் என்னையும் படகில் அழைத்துப் போனார். ஏரி மினுமினுத்தது. அருகில் போனதும்தான் தெரிந்தது, மினுக்கியது நீர் அன்று, மீன்! நூற்றுக்கணக்கான மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கையை நீட்டினாலே அகப்பட்டன.

"தாத்தா! எவ்வளவு மீன்! வலையே வேண்டாமே!" என்று நான் கைகொட்டினேன்.

தாத்தா சிரிக்கவில்லை. "இது புடிச்ச மீனு இல்ல கண்ணு. ஓட வழி இல்லாத மீனு" என்றார்.

ஆயாவும் மற்றப் பெண்களும் அன்று கூடை கூடையாக அள்ளி, உப்புப் போட்டுக் காயவைத்தார்கள். உயிரோடிருந்ததை வீணாக்க முடியாது அல்லவா? அடுத்த நாள் ஏரியில் மீன் செத்து மிதந்தது. அதற்கடுத்த நாள் நாற்றம். அதன்பிறகு பல நாட்கள் வலையில் எதுவும் இல்லை. அப்பாவின் படகும் கரையில், தாத்தாவின் வலையும் கரையில். பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. எனக்கும் தம்பிக்கும் நோட்டுப் புத்தகங்களும் சீருடையும் வாங்க அம்மா தம் கம்மலைக் கழற்றி அடகு வைத்தார். வேப்பங்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு, "இதுவும் அழகாத்தான் இருக்கு" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஊர்க்கூட்டம் கூடியது. வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு மண் தோண்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார்கள். இயந்திரம் ஒருபுறம், மண்வெட்டியும் கூடையுமாக ஆண்களும் பெண்களும் மறுபுறம். பௌர்ணமிக்குள் முடிக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பெரிய ஏற்றம் வரும்போது வாசல் திறந்திருந்தால், மிச்ச மணலைக் கடலே அள்ளிக்கொண்டு போகும் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாம் நாள் மாலை, ஓரடி அகலத்துக்குச் சிறு ஓடையாகக் கடல் உள்ளே நுழைந்தது. இரவுக்குள் அது ஆறுபோல் அகன்றது. ஆயா அந்த நீரைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான்கைந்து நாட்களில் நீரின் நிறம் மாறியது. அடுத்த அமாவாசைக்குத் தாத்தாவின் சுத்துவலையில் மீண்டும் இறால் விழுந்தது. ஆனாலும் அம்மாவின் கம்மல் மீண்டு வரக் கிறிஸ்துமஸ் ஆயிற்று.

இரயில் பாலத்திலிருந்து

பழவேற்காட்டுக்குப் போக நாங்கள் இராயபுரத்தில் மின்சார இரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிப்போம். எண்ணூர் நிலையத்தைத் தாண்டியதும் இரயில் ஒரு பாலத்தில் ஏறும். கீழே தெரிவது எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் அது. பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு ஏரிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் உண்டு என்று சொல்லலாம்.

அங்கேயும் இதே பாடந்தான். கழிமுகத்தின் வாயில் மணல் அடைக்கிறது. போதாக்குறைக்கு மனிதர் செய்யும் துன்பங்கள் வேறு. சாம்பல் படிந்து நீரோட்டம் சுருங்கியிருக்கிறது. ஆழம் குறைந்தால் சூடு கூடும் என்பதை மேலே பார்த்தோம். ஆலைகளைக் குளிர்விக்கப் பயன்பட்ட வெந்நீர் வந்து கலந்தால், கோடையே இல்லாத மாதத்திலும் மீனுக்குக் கோடைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கழிமுகம் முழுவதும் பரவியது. கரையில் நின்ற அலையாத்திச் செடிகளின் வேர்கள் கறுத்துப்போயின. எண்ணெய்ப் படலம் நீருக்கும் காற்றுக்கும் நடுவே போர்வைபோல் மூடிக்கொள்வதால் புதிய பிராணவாயு நீரில் கரைய முடிவதில்லை. அதுவும் ஒரு வகையில் வாசலை மூடுவதுதான். கடல் பக்கத்து வாசல் அன்று; வானத்துப் பக்கத்து வாசல்.

முடிவுரை

தோழியரே! ஒன்டாரியோ ஏரியில் கோடைகாலத்து மீனவர் அறியவேண்டியது ஆழம். பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் அறியவேண்டியது வாசல். அந்த நாட்டு மீன் வெயிலுக்குத் தப்பிக் கீழே இறங்குகிறது. நம் மீன் வெளியே ஓடுகிறது. ஆகவே வாசலைத் திறந்து வைப்பதும், வாசலுக்குள் வரும் நீரைத் தூய்மையாக வைப்பதும் மீன்பிடித் தொழிலின் முதல் வேலை. வலையும் படகும் அதற்குப் பிறகுதான்.

பழவேற்காட்டு முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் அமைத்து, அதை நிலையாகத் திறந்து வைக்க அரசாங்கம் திட்டம் வகுத்தது. அது நன்றாகப் பலன் தரவேண்டும் என்பதே ஏரிக்கரை மக்கள் அனைவரின் வேண்டுதல். ஆனால் ஓரிடத்தில் எழுப்பும் சுவர் அடுத்த இடத்து மணலைத் தடுக்கும் என்பதை நம் இராயபுரம் கடற்கரை கற்றுத் தந்திருக்கிறது. ஆதலால் சுவர் கட்டுவோர் மணலின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

நம்மால் ஆவதும் உண்டு. கால்வாயிலும் கழிமுகத்திலும் குப்பை போடாதிருப்போம். சந்தையில் விரல் நீளத்துக் கொடுவாக் குஞ்சை யாராவது விற்றால் வாங்காதிருப்போம். தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிட்டதே என்று அலுத்துக்கொள்ளும்போது, அதே நாட்களில் கரையில் அமர்ந்து வலை பின்னும் கைகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் தாத்தாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி கண்ணு. அந்த 244 மீட்டர் ஏரியில ஒரு தடவையாவது வலை போட்டுப் பாக்கணும்" என்றார். பிறகு சற்று யோசித்து, "வேணாம். நம்ம வலை அவ்ளோ நீளம் கெடையாது" என்றார்.